வெளிறிய மையில் ஒரு கல்யாண வாழ்த்து

சனிக்கிழமை வகுப்பை இனி நீங்கள் இருவரும்தான் நடத்தப் போகிறீர்கள். முதல் காரியமாக, மாடிப்படியில் ஒட்டியிருக்கும் அந்தப் போஸ்டரைக் கிழித்துப் போடுங்கள். 'ஜப்பானியத் தூரிகை எழுத்து, மன அமைதிக்கு ஒரு வழி' என்று யாரோ ஒரு மாணவர் ஆசையாக அச்சடித்துக் கொண்டுவந்து ஒட்டியது. நானும் பாதி ஆயுசு தூரிகை பிடித்தாயிற்று. எந்த அமைதியும் என்னைத் தேடி வரவில்லை. இதோ, உங்களோடு பேசிக்கொண்டிருக்கும்போதே என் கால் ஆடிக்கொண்டிருக்கிறது, பாருங்கள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஜப்பானிலிருந்து வந்து இந்தப் புதுச்சேரியிலேயே தங்கிவிட்ட ஒரு அம்மாள். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுவோம். எங்கள் வீட்டுத் துணிக்கடைக்குத் திரைச்சீலைத் துணி எடுக்க வந்தவர், கல்லாவில் நான் பென்சிலால் கிறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு மறுநாள் வரச் சொன்னார். போனேன். "மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது, அதான் கத்துக்கலாம்னு" என்று பெரிதாகச் சொன்னேன். அவர் தன்னுடைய தமிழில், "மனசு நிக்கிற ஆளுக்கு இது எதுக்கு? அவங்க வீட்ல தூங்கட்டும்" என்றார். அதற்குப் பிறகு என் பேச்சை அவர் காது கொடுத்துக் கேட்டதில்லை, என் மையைத்தான் பார்ப்பார்.

அதனால் உங்களுக்கும் அதையே சொல்கிறேன். வகுப்புக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் படபடப்பில் வருகிறவர்கள். அவர்களிடம் 'அமைதியாக உட்காருங்கள்' என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். சொன்னால் இன்னும் ஆடுவார்கள். அந்தப் படபடப்பை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று பாருங்கள். எப்படி என்று சட்டமாகச் சொல்ல எனக்கு வராது. அந்துவான் முசேயின் கதையைச் சொல்கிறேன், போதும்.

அந்துவான் முசேயை நீங்கள் பார்த்ததில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். நம் ஊரில் சொல்தா என்போமே, அந்த வகை. பிரெஞ்சில் 'ஐயா' என்று கூப்பிடும் 'முசே'தான் அவருக்குப் பெயராகவே ஆகிவிட்டது. ஒரு நாள் திடுதிப்பென்று வகுப்புக்குள் வந்து, செருப்பைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர், ஜப்பான் எழுத்து சொல்லித் தர்றீங்களாமே. எனக்கு ஒரே ஒரு எழுத்து போதும். எவ்ளோ சீக்கிரம் வரும்?"

"எதுக்கு முசே ஒரு எழுத்து?"

"எம்பொண்ணுக்கு கல்யாணம்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் கல்யாணம் சொல்கிற முகமாக இல்லை.

விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. மகள் லூசி வேலைக்காக ஜப்பானுக்குப் போனவள். அங்கேயே ஹிரோஷி என்று ஒரு பையனைப் பிடித்துப்போய்விட்டது. போனில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். இவர் ஆத்திரத்தில், "என்னப் பொறுத்தவரைக்கும் நீ செத்துட்ட" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அவள் திரும்பத் திரும்ப அடித்தாள். இவர் எடுக்கவில்லை. பிறகு அவளும் அடிப்பதை நிறுத்திக்கொண்டாள். ஒரு வருஷம் கழித்து மனைவி ரெஜினா அழுது சண்டை போட்டு, நம் ஊர் மாதா கோயிலிலேயே கல்யாணம் என்று முடிவானது. முசே தலையாட்டினார். ஆனால் மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் எப்போதோ போய்விட்டது. எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

"என் வாய் சரியில்ல டீச்சர். வாயத் தொறந்தா வேற எதனா வந்துடும். அதான் கையால எழுதிக் குடுத்துடலாம்னு. சம்பந்திக்கும் புரியும், அவளுக்கும் புரியும்."

கல்யாணத்துக்கும் நல்ல காரியத்துக்கும் எழுதுகிற வாழ்த்தெழுத்து ஒன்று இருக்கிறதே, கொத்தோபுக்கி, ஏழு கோடுகள். அதைத்தான் அவருக்குக் கொடுத்தேன். கோடுகள் அவருக்கு வந்தன. ஆச்சரியமாக, நன்றாகவே வந்தன. நிதானமாக எழுதுகிறவர்கள் பயந்து பயந்து இழுக்கும் மூன்றாவது கோட்டை அவர் ஒரே வீச்சில் இழுத்துவிடுவார். வராதது உட்காருவதுதான். போன் வந்தால் வெளியே போவார். வராவிட்டாலும் சிகரெட்டுக்குப் போவார்.

பயிற்சிக்கு நாம் பாட்டில் மை வைத்திருக்கிறோம். ஆனால் ஒருவருக்கு வாழ்த்து எழுதுகிறவர் மைக்கட்டியைக் கல்லில் தேய்த்துத் தானே மை அரைக்க வேண்டும் என்பது என் ஆசிரியை வைத்த வழக்கம். நானும் மாற்றவில்லை, நீங்களும் மாற்றாதீர்கள். முசேக்கு அது வேப்பங்காய். "இன்னா டீச்சர் இது, அம்மியாட்டம் அரைச்சிக்கினே கெடக்கணுமா?" என்பார். கெட்டியாக, கன்னங்கரேலென்று வரும்வரை அரைக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். அப்போது அவர் படியில் நின்றுகொண்டு ஷாமியானாக்காரனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். கடைசித் தாளை வீட்டிலேயே எழுதிக்கொள்கிறேன் என்று மைக்கல்லையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணத்தன்று மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். வைத்திக்குப்பத்துக்குப் பக்கத்தில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கிறது வீடு. தெருவை அடைத்துப் பந்தல். மாலையில் கோயிலில் கல்யாணப் பூசை. அதற்கு முன்னால், மூன்று மணிக்கு, ஹோட்டலில் தங்கியிருக்கும் சம்பந்தி வீட்டார் பெண்வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அப்போது எழுத்தைக் கொடுப்பதாகத் திட்டம். நான் போனபோது மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

பந்தலுக்கடியில் முசே கோட்டு சூட்டோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்தார்.

"டீச்சர், நீங்களே வந்து கேளுங்க. மூணு மணி வரைக்கும் பொறுக்க முடியல, எழுத்த ஃபிரேம் போட்டு காலைலயே அவ ரூம்ல கொண்டு போயி வச்சேன். பாத்தா. ஒரு வார்த்தை சொல்லல. கதவ சாத்திக்கினா. ரெஜினா போயி தட்டுனா, அழுவுறாளாம். எழுத்து நல்லால்லன்னா நல்லால்லன்னு சொல்லட்டுமே. அதுக்கு கல்யாணத்தன்னிக்கு அழுவாங்களா?"

ஃபிரேம் கூடத்தில் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. லூசி அதை அறைக்கு வெளியே தூக்கி வைத்திருக்கிறாள். குனிந்து பார்த்தேன். எழுத்து அற்புதமாக இருந்தது. என் மாணவர் யாரும் அந்த எழுத்தை அவ்வளவு தைரியமாக எழுதியதில்லை. ஆனால் நிறம் சாம்பல். கழுவிவிட்ட தண்ணீர்போல வெளிறிப்போன மை.

உங்களுக்குத் தெரியும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் துக்க வீட்டுக்குக் கொடுக்கும் உறையில்தான் வெளிறிய மையில் எழுதுவார்கள். கண்ணீர் விழுந்து மை நீர்த்துவிட்டது என்று அர்த்தம். சாவுச் செய்தி கேட்ட பதற்றத்தில் மை அரைக்கக்கூட நேரமில்லை என்றும் சொல்வார்கள். கல்யாண வாழ்த்து என்றால் மை கறுப்பாக இருந்தே ஆக வேண்டும். அங்கே வேலை பார்க்கிற பெண்ணுக்கு இது தெரியாமலா இருக்கும்? அப்பா கடைசியாகத் தன்னிடம் பேசிய வார்த்தை, நீ செத்துட்ட என்பது. அதற்குப் பிறகு முதல்முறையாக அவர் கொடுத்த பொருள், சாவு மையில் எழுதிய வாழ்த்து.

நான் முசேயிடம் எதுவும் சொல்லவில்லை. நேரே போய்க் கதவைத் தட்டினேன்.

"லூசி, நான் எழுத்து டீச்சர்மா. கொஞ்சம் தொறக்கிறியா?"

கதவு கொஞ்சமாகத் திறந்தது. வெள்ளைக் கவுன், தலையில் பூ வைத்த முக்காடு, அழுது சிவந்த மூக்கு.

"நீங்கதானே அப்பாவுக்கு சொல்லிக் குடுத்தீங்க? இந்த மைல எதுக்கு எழுதுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?"

"தெரியும்மா. உங்கப்பாவுக்குத் தெரியாது."

"சும்மா சமாதானம் சொல்லாதீங்க. அவரு எதையும் தெரியாம செய்ய மாட்டாரு. ஊருக்காக கல்யாணத்துக்கு ஒத்துக்கினாரு, என்கிட்ட சொல்ல வேண்டியத இப்டி சொல்லிட்டாரு. இத மாமனார் மாமியார் பாத்தா நான் எங்க போயி முழிக்கறது?"

இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்கிறேன். வாய் துறுதுறுவென்றது. உங்கப்பா சோம்பேறி, உட்கார மாட்டார், மை அரைக்க மாட்டார், அவ்வளவுதான் விஷயம் என்று பத்து விதமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவள் ஒன்றையும் நம்பியிருக்க மாட்டாள். ஒரு வருஷம் போனைப் பார்த்துக் காத்திருந்தவளுக்கு மூன்றாம் மனுஷி சொல்கிற சமாதானம் எதற்கு ஆகும்?

கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தேன்.

"முசே, மைக்கல்ல எடுத்துக்கினு வாங்க. இன்னொரு தாள் எழுதிடலாம்."

"இப்பயா? இது நல்லாத்தானே இருக்குது?"

"எடுத்துக்கினு வாங்கன்னா!"

ராணுவத்தில் இருந்தவர், அதட்டினால் கேட்பார். கதவுக்கு நேரெதிரே பாயை விரித்து உட்காரவைத்தேன். கல்லில் தண்ணீர் விட்டு, மைக்கட்டியை எடுத்து நாலு தேய் தேய்த்தார். பந்தல்காரன் கூப்பிட்டான், எழுந்து போனார். வந்தார், இன்னும் நாலு தேய்த்தார். வேன் எங்கே வருகிறது என்று ஹிரோஷிக்கு யாரையோ போன் போடச் சொன்னார். எழுந்து ஃபேனைப் போட்டார், தாள் பறக்கிறது என்று நான் கத்தியதும் நிறுத்தினார். திரும்ப உட்கார்ந்து இரண்டு தேய்த்துவிட்டு, தூரிகையை எடுத்து முக்கினார்.

"ஆயிடுச்சு டீச்சர், எழுதிடட்டுமா?"

கல்லில் இருந்தது மழைத்தண்ணீர் நிறம்.

கதவருகில் ஒரு சத்தம். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம். லூசி வெளியே வந்து நின்றாள்.

"இதான் உங்க மையா?" என்றாள். அந்தப் போனுக்குப் பிறகு, அம்மா வழியாக இல்லாமல் அப்பாவிடம் நேராக அவள் பேசிய முதல் வார்த்தை அது.

முசே தூரிகையைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தார். "ஏன், மைக்கு இன்னா?"

அவள்தான் சொன்னாள். எந்த மை எதற்கு என்று, நின்ற இடத்திலேயே. அந்த மனுஷனின் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். எழுந்தவர் நேரே போய் ஃபிரேமைத் தூக்கித் தரையில் அடிக்கப் போனார்.

"ஒடைக்காதீங்க பா. இருக்கட்டும். ஒரு நாளைக்கு உங்களுக்கே தேவப்படும்."

"அடிப்பாவி!" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மணி இரண்டரை. மை கறுப்பாக வர இன்னும் அரை மணியாவது தேய்க்க வேண்டும். ரெஜினா கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்தார். "டீச்சர், பாட்டில்ல மை விப்பாங்களாமே, உங்ககிட்ட இல்லையா?"

என் கைப்பையில் ஒரு பாட்டில் இருந்தது. நல்ல மை, திறந்து ஊற்றினால் ஒரே நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். பையைக் காலால் எனக்குப் பின்னால் தள்ளினேன்.

"இல்லையே ரெஜினா. அரைச்சித்தான் ஆகணும்" என்றேன்.

பொய்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வருத்தமும் படவில்லை. வழக்கத்தைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நல்லது நடக்குமானால் வழக்கத்தைத் தூக்கிக் குப்பையில் போடலாம். நான் பயந்தது வேறு. பாட்டிலை நீட்டினால் நல்ல கறுப்பு எழுத்து ஒன்று கிடைக்கும், அப்பா பந்தலுக்குப் போவார், மகள் அறைக்குப் போவாள். அவர்கள் இருவரும் ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார வேறு வழியே இல்லை. ஆனால் ஆபத்தும் இருந்தது. சண்டை பெரிதாகியிருக்கலாம். வெள்ளைக் கவுனில் ஒரு சொட்டு மை விழுந்திருந்தால் ரெஜினா என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டார்.

லூசி அப்பாவின் பழைய கைலி ஒன்றை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மைக்கட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"எவ்ளோ நேரம் ஆவும்?" என்றார் முசே.

"அரை மணி."

"அரை மணியா! அவங்க வந்துடுவாங்களே?"

"வரட்டும். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றிப் போட்டார். முழங்கால் ஆடியது.

"நான் அப்டி நெனச்சி எழுதல லூசி."

"தெரியுது பா. இப்பதான் தெரியுது."

"அன்னிக்கு போன்ல சொன்னது..."

"அத நெனச்சித்தான் சொன்னீங்க."

அவர் மறுக்கவில்லை. எனக்கு அது பிடித்தது. "ஆமா" என்றார். "அன்னிக்கு நெனச்சித்தான் சொன்னேன்."

"அதுக்கப்புறம் தெனமும் போன எடுத்து எடுத்துப் பாத்தேன். ஆபீஸ்ல, டிரெயின்ல, எங்க இருந்தாலும். நீங்க பண்ணுவீங்கன்னு."

முசே வாசற்பக்கம் பார்த்தார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழுந்திருக்கவில்லை. கையை நீட்டி, "குடு. உன் கை வலிக்கும்" என்று மைக்கட்டியை வாங்கிக்கொண்டார். குனிந்து, கல்லைப் பார்த்துக்கொண்டே தேய்த்தார். "மன்னிச்சிடும்மா" என்று கல்லைப் பார்த்துத்தான் சொன்னார். அவள் காதில் விழுந்தது. நீர் குறைந்தபோது சொட்டு நீர் விட்டாள், அவர் தேய்த்தார். கை ஓய்ந்தால் மாற்றிக்கொண்டார்கள்.

வேன் வந்துவிட்டது. நான் ஓடிப்போய் வாசலில் மறிக்கலாமா என்று யோசிப்பதற்குள் ஹிரோஷியின் அப்பாவும் அம்மாவும் உள்ளே வந்துவிட்டார்கள். கல்யாணப் பெண் மடியில் கைலியோடு தரையில் உட்கார்ந்து மை அரைப்பதைப் பார்த்தார்கள். ரெஜினா அவசரமாகச் சாம்பல் எழுத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். ஹிரோஷியின் அப்பா எதிரே உட்கார்ந்தார். அவர் மனைவி குனிந்து, லூசியின் முக்காட்டு ஓரம் மைக்கல்லில் பட்டுவிடாமல் எடுத்துப் பின்னால் போட்டுவிட்டார்.

பிறகு முசே எழுதினார். உண்மையைச் சொல்கிறேன், எழுத்து நன்றாக வரவில்லை. மூன்றாவது கோடு நடுங்கியது. கடைசிப் புள்ளியில் தூரிகையை அழுத்தி வைத்துவிட்டார், மை ஊறி அது காசளவுக்குப் பரவியது. சாம்பல் எழுத்தின் அழகில் கால்வாசி இல்லை. ஆனால் கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. ஹிரோஷியின் அப்பா வெகுநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, தலை தரையில் படுமளவுக்குக் குனிந்து வணங்கினார். முசே என்ன செய்வதென்று தெரியாமல் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

எல்லா நேரமும் இப்படிப் பாட்டிலை ஒளித்து வைக்காதீர்கள். உதைதான் விழும். ஆனால் உங்களிடம் வழி கையில் இருக்கிறது என்பதற்காகவே அதை எடுத்து நீட்டிவிடவும் கூடாது. எதிரே இருப்பவருக்கு எழுத்து வேண்டுமா, அதை எழுதும் நேரம் வேண்டுமா என்று ஒரு மூச்சு யோசியுங்கள். சில நாள் தப்பாகப் போகும். எனக்கும் போயிருக்கிறது.

கோயிலில் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மோதிரம் மாற்றும் நேரம். லூசி கையை நீட்டியதும் பங்குச் சாமியார் ஒரு கணம் தயங்கினார். கட்டைவிரலிலிருந்து மோதிர விரல் வரைக்கும் நகக்கண்ணெல்லாம் மை. சோப்பு போட்டாலும் போகாது என்று நமக்குத் தெரியும். அவர் மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அங்கியில் மைக் மாட்டியிருந்ததால் கோயில் முழுக்கக் கேட்டது.

"கையில என்னம்மா இது?"

"எங்கப்பாவோட மை, சாமி" என்றாள் லூசி.

முன்வரிசையிலிருந்த முசே எழுந்து விறுவிறுவென்று பக்கவாசல் வழியாக வெளியே போனார். இந்த நேரத்திலும் சிகரெட்டா என்று எனக்கு எரிச்சல் வந்தது. பின்னாலேயே போனேன். சிகரெட் இல்லை. தூண் மறைவில் நின்று, குழந்தைபோல விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மை படிந்த தன் விரல்களை என் முன்னால் நீட்டினார்.

"இது எவ்ளோ நாள் இருக்கும் டீச்சர்?"

"கவலப்படாதீங்க முசே, ரெண்டு நாள்ல போயிடும்."

"அவ்ளோதானா?" என்றார்.